பிரெஞ்சு கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒயின் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 24 இரவு பிரான்சில் குடும்பங்கள் கூடி உண்ணும் ரெவெய்யோன் விருந்து எட்டு மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். சமைக்காத சிப்பி, ஃபுவா கிரா எனப்படும் கொழுக்க வைத்த வாத்தின் ஈரல், செஸ்நட்டோடு சுட்ட வான்கோழி அல்லது காயடித்து வளர்த்த சேவல், சீஸ் தட்டு, கடைசியில் மரக்கட்டை வடிவில் செய்த பூஷ் கேக் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றோடும் ஒரு ஒயின் வருவதும் வழக்கம்.

புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் குடியேறிய எங்கள் வீட்டில் இந்த விருந்தை நடத்தும் முறை, மகள் பூர்கோஞ் (பர்கண்டி) பகுதிக்காரரை மணந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. அந்த முதல் ஆண்டில் நான் செய்தது இன்றும் நினைவிருக்கிறது. கடையில் இருந்தவற்றுள் விலை உயர்ந்த, மிக இளைய போர்தோ சிவப்பு ஒயினை நான்கு பாட்டில் வாங்கி, ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு வாரம் வைத்திருந்து, சிப்பி முதல் கேக் வரை அதையே ஊற்றினேன். சிப்பியோடு குடித்தபோது இரும்புச் சட்டியை நக்கியது போல் இருந்தது. சம்பந்தி ஒன்றும் சொல்லவில்லை; தம் கோப்பையை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். இந்த வழிகாட்டி அன்று எனக்குத் தெரியாதவற்றை வரிசைப்படுத்தும் முயற்சி.

முதல் படி: மூன்று சுவைகளைப் பிரித்தறிதல்

ஒயின் பற்றிய பேச்சு பலருக்கு மிரட்சி தருவதற்குக் காரணம் அதன் சொற்கள். ஆனால் தமிழில் இதற்கு வேண்டிய சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு ஒயினை உணவோடு சேர்ப்பதற்கு அதன் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு ஆகிய மூன்றையும் அறிந்தால் பாதி வேலை முடிந்தது. இவற்றுள் துவர்ப்பு நமக்கு எளிதாகக் கைவரும். அறுசுவையில் அதை ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்கள் நாம்; வாழைப்பூ, பிஞ்சு மாதுளை, பாக்கு, கடுந்தேநீர் ஆகியவற்றில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அதே உணர்வுதான் சிவப்பு ஒயினில் டானின் என்று பேசப்படுகிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின், உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு பிணைந்து வாயை உலர்த்துகிறது. இறைச்சியும் கொழுப்பும் வாயில் இருந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆகவேதான் துவர்ப்பு மிகுந்த ஒயின் ஆட்டிறைச்சியோடு இதமாகவும், வெறும் வாயில் முரடாகவும் இருக்கிறது.

புளிப்பைப் பொறுத்தவரை, வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிவதை நினைத்துக்கொண்டால் போதும். கொழுப்பும் உப்பும் உள்ள உணவுக்குப் புளிப்புள்ள வெள்ளை ஒயின் அந்த எலுமிச்சையின் வேலையைச் செய்கிறது. இனிப்புக்கு ஒரே ஒரு விதி உண்டு: ஒயின், தட்டில் இருப்பதைவிட இனிப்பாக இருக்க வேண்டும். ஜிலேபி தின்ற வாயோடு காபி குடித்தால் சர்க்கரையே போடாதது போல் தோன்றுகிறதல்லவா, அதேபோல இனிப்பான கேக்கோடு குடிக்கும் இனிப்பற்ற ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும்.

இரண்டாம் படி: உணவுப் பட்டியலை எழுதிய பிறகே ஒயினைப் பற்றி நினைத்தல்

சமைக்கப் போகிறவரிடம் பட்டியலைக் கேட்டு, அதைப் பரிமாறும் வரிசையில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மெல்லியதிலிருந்து கனமானதற்கு, புளிப்பிலிருந்து துவர்ப்புக்கு, அதன்பின் இனிப்புக்கு என்ற போக்கில் ஒயின்களை அந்த வரிசையின் அருகில் நிரப்ப வேண்டும்.

வந்தவர்கள் கோட்டைக் கழற்றி உட்காரும்போது கொடுக்கப்படும் முதல் கோப்பை பொதுவாக நுரைக்கும் ஒயின். ஷாம்பெய்ன் என்ற பெயர் அந்தப் பெயருள்ள பகுதியில் விளைந்த திராட்சைக்கும், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைக்கும் முறைக்கும் மட்டுமே உரியது. அதே முறையில் அல்சாஸ், லுவார், பூர்கோஞ், லிமூ முதலிய இடங்களில் செய்யப்படுவது கிரேமான். ஷாம்பெய்னில் ஆண்டு குறிக்காத வகையும் குறைந்தது 15 மாதம் கிடங்கில் இருந்தாக வேண்டும். கிரேமானுக்கு ஈஸ்ட் வண்டலோடு 9 மாதம் போதும். அந்த நாட்கள் தரும் ரொட்டி வாசம் உங்களுக்கு முக்கியமென்றால் ஷாம்பெய்ன் வாங்கலாம். கொறிப்பதற்கு முந்திரியும் மட்டன் ரோல்ஸும் வைக்கும் எங்கள் வீட்டில், பத்துப் பன்னிரண்டு யூரோ கிரேமானே போதும் என்பது என் தீர்ப்பு. மிச்சமாகும் பணத்தை வான்கோழிக்கு வரும் ஒயினில் போடுவேன். லேபிளில் 'ப்ரூட்' என்றிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பது பெயருக்கு மாறாக அதைவிட இனிப்பானது, 12 முதல் 17 கிராம் வரை. 'தெமி செக்' 32 முதல் 50 கிராம். இதைக் கேக்குக்காக ஒதுக்கி வைக்கலாம்.

சிப்பிக்கு இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும்: முஸ்கதே, சாப்ளி. முஸ்கதே, லுவார் ஆறு கடலை நெருங்கும் நான்த் நகரப் பக்கத்து ஒயின். லேபிளில் 'சுர் லி' என்று இருப்பதைத் தேடி வாங்குங்கள், ஈஸ்ட் வண்டலின் மேல் குளிர்காலம் முழுவதும் கிடந்ததால் அதில் சற்றுச் செறிவு இருக்கும், விலையும் குறைவு. சாப்ளி, பூர்கோஞ்சின் வடகோடியில் ஷார்தொனே திராட்சையில் செய்யப்படுவது. அந்தத் தோட்டங்களின் சுண்ணாம்பு மண்ணிலேயே பழங்காலத்துச் சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன என்பது சம்பந்தி ஒவ்வொரு ஆண்டும் சொல்லும் செய்தி. சிப்பியோடு அது பொருந்துவதற்கு மெய்க்காரணம் அதன் புளிப்புதான் என்று நானும் ஒவ்வொரு ஆண்டும் பதில் சொல்வேன். சிப்பியோடு சிவப்பு வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒயினில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் இரும்புச் சத்து கடலுணவின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சு நெடியை எழுப்புகிறது. என் முதல் ஆண்டின் இரும்புச் சட்டி அதுதான்.

ஃபுவா கிராவோடு சோத்தெர்ன் என்னும் இனிப்பு ஒயின் என்பது வழக்கமான சேர்க்கை. போர்தோவுக்குத் தெற்கே சிரோன் என்னும் சிற்றாறு கரோன் ஆற்றில் கலக்குமிடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பழத்தின் மேல் போட்ரிடிஸ் என்னும் பூஞ்சை படர்ந்து, தோலைத் துளைத்து நீரை ஆவியாக்கிச் சாற்றைச் சுண்ட வைக்கிறது. சுருங்கிய பழங்களைப் பல சுற்றாகக் கையால் பொறுக்கி எடுப்பதால் விலை ஏறுகிறது. அதே முறையில் உருவாகும் மோன்பஸியாக்கும், கொடியிலேயே பழத்தை உலர விட்டுச் செய்யும் ஜூரான்சோன் இனிப்பு வகையும் பாதி விலையில் கிடைக்கும், வாங்கத் தயங்க வேண்டாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. விருந்தின் தொடக்கத்திலேயே இவ்வளவு இனிப்பானதைக் குடித்தால் அடுத்து வரும் சிவப்பு ஒயின் கசந்துபோகும். ஆகவே இங்கே 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். பிறகு ஒரு சூப்போ கீரை சாலடோ கொடுத்து, ஒரு துண்டு ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளச் சொல்லி நாக்கைக் கழுவி விடுங்கள். அவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் தொடக்கத்தில் திறந்த ஷாம்பெய்னையே ஈரலுக்கும் தொடரலாம்.

வான்கோழிக்குத்தான் பலர் தவறுகிறார்கள், நான் தவறியதும் இங்கேதான். அது வெள்ளை இறைச்சி, சற்று உலர்ந்தது, செஸ்நட்டால் லேசான தித்திப்பும் சேர்ந்தது. கபெர்னே சோவின்யோன் திராட்சையின் துவர்ப்பு மிகுந்த இளைய ஒயின் அதை இன்னும் உலர்த்திவிடும். துவர்ப்புக் குறைந்து, புளிப்பும் பழ வாசமும் உள்ள பினோ நுவார் திராட்சையின் ஒயின் இதற்கு ஏற்றது. பூர்கோஞ்சில் மெர்க்யூரே, சாவின்யி லெ போன் போன்ற ஊர்ப் பெயர்களில் தேடினால் வோல்னே, போமார் அளவுக்கு விலை போகாது. அதற்கும் மலிவாக வேண்டுமென்றால் போஜோலேயின் பத்துக் க்ரூகளுள் (தனிப் பெயர் பெற்ற விளைபகுதிகளுள்) ஒன்றான மோர்கோன், ஃப்ளூரி அல்லது மூலேன் ஆ வான் எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் ஆரவாரத்தோடு விற்கும் புது போஜோலேயை வைத்து இவற்றை எடைபோடக் கூடாது. காமே என்ற அதே திராட்சைதான் என்றாலும் இவை நான்கைந்து ஆண்டுகள் தாங்கி முதிரக்கூடியவை. வான்கோழிக்குப் பதில் மாட்டிறைச்சியோ மானிறைச்சியோ சுடும் வீட்டில் மட்டும் போர்தோவும் ரோன் பள்ளத்தாக்கின் ஒயினும் முன்னுக்கு வரலாம்.

சீஸுக்குச் சிவப்பு ஒயின் என்பது பழகிப்போன நம்பிக்கை. பெரும்பாலான சீஸுக்கு வெள்ளையே பொருந்துகிறது என்பதை ஒரே மேசையில் இரண்டையும் ஊற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொள்வீர்கள். ஆட்டுப்பால் சீஸுக்குச் சான்செர், ரொக்ஃபோருக்கு மீதமுள்ள சோத்தெர்ன், கோந்தேவுக்கு ஜூரா மலைப்பகுதி ஒயின். அந்த ஜூரா ஒயினைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூஷ் கேக் சாக்லேட்டில் செய்ததென்றால், நொதிக்கும்போது சாராயம் சேர்த்து நொதிப்பை நிறுத்தி இனிப்பைத் தக்க வைக்கும் பன்யூல்ஸ் அல்லது மோரி கொடுங்கள்.

மூன்றாம் படி: எத்தனை பாட்டில்

ஒரு பாட்டில் 750 மில்லி. உணவகக் கணக்கில் 125 மில்லியாக ஊற்றினால் ஆறு கோப்பை. ஆனால் ஐந்து ஒயினுக்கும் அந்தக் கணக்கைப் போட்டால் ஒருவர் ஏறத்தாழ ஒரு பாட்டில் குடித்துவிடுவார். பிரான்சின் பொதுச் சுகாதார அமைப்பு ஒருவருக்கு வாரத்துக்குப் பத்து அளவுக்கு மிகாமல், ஒரு நாளில் இரண்டுக்கு மிகாமல், சில நாட்கள் அறவே இல்லாமல் என்று அறிவுறுத்துகிறது. ஓர் அளவு என்பது 10 கிராம் சாராயம் (ஆல்கஹால்), அதாவது 12 சதவீத ஒயினில் சுமார் 100 மில்லி. ஆகவே சுவைப்பதற்கென்று 50, 60 மில்லியாக ஊற்றுவதே எங்கள் வீட்டு வழக்கம். அப்படி ஊற்றினால் எட்டுப் பேருக்கு ஒவ்வொரு வகையிலும் ஒரு பாட்டில் போதும். இப்படியும் ஐந்து வகைகளையும் குடிப்பவர் அந்த இரண்டு அளவைச் சற்றுத் தாண்டிவிடுவார். எனவே நான் ஈரலுக்கான ஒயினையோ கேக்குக்கான ஒயினையோ விட்டுவிடுகிறேன்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் சாராயம் என்பது சட்ட எல்லை. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2 என்பதால் ஒரு கோப்பையே அதிகம். கருவுற்றவர்களுக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் ஒன்றும் இல்லை. அவர்களுக்காக நார்மாந்தியின் நுரைக்கும் ஆப்பிள் சாற்றை அதே நீள்கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள். பக்கத்து மேசைக்கு ஒதுக்கப்பட்ட பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தால் அவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

நான்காம் படி: கடையும் லேபிளும்

செப்டம்பரில் பேரங்காடிகளில் நடக்கும் ஒயின் சந்தையில் வாங்குவது சிக்கனம். ஆனால் டிசம்பரில் அவசரமாக வாங்குபவர் காவிஸ்த் எனப்படும் ஒயின் கடைக்காரரிடம் போவதே நல்லது. கையில் உணவுப் பட்டியலும் ஒரு தொகையும் இருக்க வேண்டும். "வான்கோழி, செஸ்நட், எட்டுப் பேர், பாட்டில் 18 யூரோவுக்குள்" என்று சொன்னால் அவர் நேராக ஒரு தட்டுக்கு நடப்பார். "நல்ல ஒயின் ஒன்று கொடுங்கள்" என்றால் அவர் தள்ளிவிட நினைப்பது உங்கள் பைக்குள் வரும்.

பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் ஊரின் பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. சான்செர் வெள்ளை என்றால் சோவின்யோன் ப்ளான், மெர்க்யூரே சிவப்பு என்றால் பினோ நுவார் என்று நாமே அறிந்திருக்க வேண்டும். அல்சாஸ் மட்டும் திராட்சையின் பெயரையே முன்னால் எழுதுகிறது. 'க்ராண் க்ரூ' என்ற சொல்லில் ஏமாற வேண்டாம். பூர்கோஞ்சில் அது உச்சியிலுள்ள சில தோட்டங்களை மட்டும் குறிக்கும். 'சேன்த் எமிலியோன் க்ராண் க்ரூ' என்பதோ நூற்றுக்கணக்கான பண்ணைகள் பயன்படுத்தும் ஒரு பொதுவான பெயர். 'க்ராண் வேன்', 'பழங்கொடிகள்' என்பவற்றுக்குச் சட்டத்தில் திட்டமான வரையறை கிடையாது. 'மீ ஆன் புத்தேய் ஓ தொமேன்' என்றிருந்தால் விளைவித்த பண்ணையிலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள். இதற்கு நான் மதிப்புக் கொடுப்பேன். சாராயச் சதவீதத்தையும் பாருங்கள்: 12.5 என்றால் மெல்லியது, 14.5 என்றால் வெயில் மிகுந்த இடமோ ஆண்டோ தந்த கனமான ஒயின்.

ஐந்தாம் படி: குளிர்ச்சி

விலையைவிட இதற்குத்தான் சுவையை மாற்றும் ஆற்றல் அதிகம். நுரைக்கும் ஒயினும் இனிப்பு ஒயினும் 8 முதல் 10 டிகிரி, சாப்ளி போன்றவை 10 அல்லது 11, பினோ நுவாரும் காமேயும் 14 முதல் 16, கனமான சிவப்பு 17. சிவப்பை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதி, ஹீட்டர் இல்லாத காலத்து 16 டிகிரி அறைகளுக்கு உரியது. இன்றைய 21 டிகிரி அறையில் சாராய நெடி முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும். பரிமாறுவதற்கு அரைமணி முன்பு சிவப்பையும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். டிசம்பர் பாரிஸில் பால்கனியே போதும். வெள்ளை மறந்துபோயிற்றென்றால் வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி போட்டு இருபது நிமிடம் முக்கி வைக்கலாம். வெறும் பனிக்கட்டி பாட்டிலை அங்கங்கே மட்டும் தொடும் என்பதால் தண்ணீர் அவசியம்.

ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் ஏறத்தாழ 6 பார் அழுத்தம் இருக்கிறது, கார் டயரைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கம்பிக் கூண்டைத் தளர்த்திய கணத்திலிருந்து கட்டைவிரலைத் தக்கையின் மேலிருந்து எடுக்கக் கூடாது. பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, தக்கையை அசையாமல் வைத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். பெருமூச்சு போல் ஒரு சத்தம் வந்தால் சரியாகத் திறந்தீர்கள்.

ஆறாம் படி: சுவைத்தல்

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழாக ஊற்றி, தண்டைப் பிடித்துச் சுழற்றி, முதலில் முகர வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம், ஈரச் சாக்கின் வாசம் வந்தால் தக்கையால் கெட்டது. வேறு பாட்டிலைத் திறங்கள், கடையில் மாற்றியும் தருவார்கள். பிறகு ஒரு மிடறை வாயில் நிறுத்தி, சற்றே காற்றை உறிஞ்சினால் வாசம் மூக்கின் பின்வழியாக ஏறும்.

வாசத்துக்குப் பெயர் வைக்கும்போது பிரெஞ்சுக்காரரின் காட்டுப்பழங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. கெவுர்ஸ்திரமினெர் என்னும் திராட்சையின் ஒயினில் லிச்சியும் பன்னீர் ரோஜாவும் நேரடியாகத் தெரியும். சிரா திராட்சையில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணமான வேதிப்பொருள் மிளகிலும் இருப்பதே. ரீஸ்லிங் திராட்சையின் முதிர்ந்த ஒயினில் மண்ணெண்ணெய் நெடி வருவது குறையன்று.

இப்போது ஜூராவின் அந்த ஒயினுக்கு வருகிறேன். சாவன்யேன் திராட்சைச் சாற்றை நொதிக்க வைத்துப் பீப்பாயில் ஊற்றி, ஆவியாகிக் குறைந்ததை நிரப்பாமலே விட்டுவிடுவார்கள். மேலே ஈஸ்ட் ஓர் ஆடை போல் படரும். ஆறு ஆண்டுக்கும் மேலாக அப்படியே கிடந்தது 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டைப் பாட்டிலில் அடைபட்டு வேன் ஜோன், மஞ்சள் ஒயின் என்று வெளிவருகிறது. மூன்றாண்டுக்கு முன் புதுச்சேரியிலிருந்து வந்திருந்த என் அத்தை, எழுபத்தெட்டு வயது, குடிக்க மாட்டேன் என்றவர், முகர மட்டும் கோப்பையை வாங்கினார். இரண்டாம் முறையும் முகர்ந்தார். "டேய், இதுல வெந்தயக் குழம்பு வாசம் அடிக்குதுடா, யார்டா தாளிச்சது?" என்றார். மேசையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் அக்ரோட் என்றும் உலர்பழம் என்றும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அத்தை சொன்னதே துல்லியம். சோட்டோலோன் என்னும் பொருள் அந்த ஒயினிலும் இருக்கிறது, வெந்தயத்திலும் இருக்கிறது. சம்பந்தி அன்றிலிருந்து அத்தையின் மூக்கைத்தான் நம்புகிறார். இதைச் சில மணி நேரம் முன்பே திறந்து, 15 டிகிரியில், இரண்டு ஆண்டு முதிர்ந்த கோந்தேயோடு கொடுங்கள். கோழிக் குழம்போடும் இது அழகாகச் சேரும். அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் சாடிகள் தோண்டி எடுக்கப்பட்ட ஊரிலிருந்து வந்தவர்களிடம் ஒயின் நமக்குப் புதிது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஏழாம் படி: நம் பலகாரம் மேசைக்கு வந்தால்

தமிழ் வீட்டு ரெவெய்யோனில் மட்டன் ரோல்ஸோ நண்டுக் கறியோ எப்படியும் நுழைந்துவிடும். சாராயமும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தை எரிச்சலாக்கும் என்பதால் 14 சதவீதச் சிவப்பை அப்போது விலக்குங்கள். லேசான இனிப்புள்ள அல்சாஸ் ரீஸ்லிங்கோ கெவுர்ஸ்திரமினெரோ காரத்தைத் தணிக்கும். பிரியாணிக்குச் சற்றுக் குளிர்ந்த ஃப்ளூரி போதும். மிளகாய்க்குப் பதில் மிளகைக் கூட்டிச் சமைத்தால் ஒயினுக்கு இடம் கிடைக்கும், ஆனால் இதை என் மனைவியிடம் சொல்லிப் பயனில்லை.

எட்டாம் படி: மறுநாள்

மீந்ததைத் தக்கையால் மூடி, சிவப்பையும் சேர்த்தே குளிர்சாதனப் பெட்டியில் நிறுத்தி வையுங்கள். வெள்ளையும் சிவப்பும் இரண்டு மூன்று நாள், இனிப்பு ஒயின் ஒரு வாரம், வேன் ஜோன் பல வாரம் தாங்கும். நுரைக்கும் ஒயினின் வாயில் கரண்டியைத் தொங்கவிட்டால் நுரை நிற்கும் என்பது கட்டுக்கதை. அதற்கென்று விற்கும் இறுக்கு மூடியை வாங்கினால் ஒரு நாளுக்கு நிற்கும். நான்காம் நாள் புளித்துத் தெரிகிற சிவப்பை வெங்காயத்தோடு சுண்ட வைத்து, மீந்த வான்கோழித் துண்டுகளின் மேல் ஊற்றுங்கள்.